எழுபது கொண்டை ஊசியும் ஒரு ஊசிப்போன கேஷும்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. இன்னைக்கு எழுதப்போறதும் ஆணி புடுங்கின கதைதான். பொட்டி தட்டாத நண்பர்கள் பயந்து ஓடிடாதீங்க, பாதிக் கதை கொல்லிமலையில நடக்குது. பொட்டி தட்டற நண்பர்கள்கிட்ட மட்டும் ஒரு சின்னச் சண்டை பாக்கி இருக்கு. அது கடைசியில.

2024 ஆடிப்பெருக்குக்கு, கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் அவன் ஊருக்குக் கூப்பிட்டான். கொல்லிமலையில வளப்பூர் நாடு பக்கம் வீடு. (மலைமேல ஊராட்சிக்கெல்லாம் பேரே நாடுதான். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடுன்னு. விசா கேக்க மாட்டாங்க :-)) நாமக்கல்ல பஸ் ஏறி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வந்தா அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. முப்பதுக்கு மேல நான் நம்பர் பாக்கறதை நிறுத்திட்டு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தேன். செம்மேட்டுல வல்வில் ஓரி விழாக் கூட்டம். ஒரு வழியா அதைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்போ சாரல் ஆரம்பிச்சிருந்தது. வீட்டைச் சுத்தி சில்வர் ஓக் மரம், ஒவ்வொரு மரத்துலயும் மிளகுக்கொடி. வீட்டுக்குள்ள செல்போன் சிக்னல் ஒரு கோடு. வாசல்ல பலாமரத்துக்குக் கீழ ரெண்டு கோடு. பின்னாடி மேட்டுல ஒரு கல்லு இருக்கு, அதுமேல ஏறி நின்னா மூணு. இந்தக் கல்லு பின்னாடி வரும்.

நான் பாக்கற வேலையைக் கொஞ்சம் சொல்லிடறேன். ஒரு பெரிய சர்வருக்குள்ள பத்து இருபது மெய்நிகர் கணினிகள் ஓடும், விஎம்னு சொல்லுவோம். அதுகளை நிஜமா ஓட்டறது ஹைப்பர்வைசர். எங்க டீம் செய்யறது அதுக்கு மேல உக்காந்திருக்கற கங்காணி மென்பொருள். எந்த சர்வர்ல எந்த விஎம் ஓடுது, எந்த டிஸ்க் எதோட இணைஞ்சிருக்கு, எது தூங்குதுன்னு எல்லாத்தையும் ஒரே திரையில காட்டும். திரையைத் திறக்கும்போதெல்லாம் நூத்துக்கணக்கான சர்வர்கிட்ட ஒவ்வொண்ணாப் போய்க் கேட்டா சர்வருக்கும் மூச்சு முட்டும், பாக்கறவனும் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவான். அதனால எல்லாத் தகவலையும் ஒரு டேட்டாபேஸ்ல பிரதி எடுத்து வெச்சுக்கறோம். அதுதான் கேஷ். டிஸ்க் சம்பந்தப்பட்ட பிரதியை எழுதற நிரல் நான் எழுதினது. இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இந்தப் பிரதி நிஜத்தோட ஒத்துப்போகாம போறதைத்தான் இங்கிலீஷ்ல ஸ்டேல்னு சொல்றோம். அதைத் தமிழ்ல 'பழைய'ன்னு எழுதினா பத்தாது. பழைய சோறு அமிர்தம். ஸ்டேல்னா ஊசிப்போனது. பாத்தா நல்லாத்தான் இருக்கும், வாயில வெச்சாத்தான் தெரியும்.

ஆடி 18, சனிக்கிழமை. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். எங்க சப்போர்ட் டீம்ல புதுசாச் சேர்ந்த பையன் போன் பண்ணினான். வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆச்சு.

"அண்ணா, லீவுல இருக்கீங்கன்னு தெரியும், மன்னிச்சுக்கங்க. ஒரு விஎம்ல ஸ்நாப்ஷாட் எடுக்க முடியல. டிஸ்க் ஃபைலே இல்லைன்னு வருது. ஆனா விஎம் நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இந்தத் தடவை கொண்டை ஊசி காரணம் இல்ல.

"நேத்து எதையாவது அழிச்சியாடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அனாதை டிஸ்க் லிஸ்ட்ல இருந்ததை அழிச்சேண்ணா. வெள்ளிக்கிழமை எப்பவும் பண்றதுதான்" அப்படின்னான்.

எந்த விஎம்மோடயும் இணையாம சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கற டிஸ்க்கை எங்க திரை சிவப்புல பட்டியல் போட்டுக் காட்டும். வாராவாரம் அதைச் சுத்தம் பண்றது அவன் வேலை. அந்த விஎம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தோடது. அதுல மூணு வருஷ ரிப்போர்ட் எல்லாம் இருக்கற டிஸ்க்கை, யாருக்கும் சொந்தமில்லாததுன்னு எங்க திரை சொல்லியிருக்கு. அவன் அழிச்சுட்டான்.

அப்புறம் எப்படி விஎம் ஓடுது? லினக்ஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா முதல்ல போறது அதோட பேர்தான். ஏதாவது ஒரு நிரல் அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருந்தா, அது மூடற வரைக்கும் உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். ரேஷன் கார்டுல பேரை நீக்கிட்டாங்க, ஆள் பாட்டுக்கு வீட்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கார். அந்த மாதிரி. விஎம்மை நிறுத்தினாலோ, சர்வரை ரீபூட் பண்ணினாலோ ஆளும் போயிடுவார்.

இதை நான் சொல்லத் தொடங்கும்போதே போன்ல பின்னாடி ஒரு குரல். "அது கேஷ் பிரச்சினைதான்டா. ஹோஸ்ட்டை ஒருதடவை ரீபூட் பண்ணிடு, எல்லாம் கிளியராயிடும்." சரியா அந்த நேரத்துல சிக்னல் கட்!

பலாமரத்துக்கு ஓடினேன். ரிங் போகல. நண்பன் "மாப்ள, கல்லுக்கு வா"ன்னு டார்ச்சை எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடினான். சாரல்ல வழுக்கிக்கிட்டே ஏறி, கல்லு மேல நின்னு முதல்ல ஒரு எஸ்எம்எஸ்: "ரீபூட் பண்ணாதே. எதையும் அணைக்காதே. யார் சொன்னாலும்." அது போய்ச் சேர்ந்ததான்னு தெரியறதுக்குள்ள ரெண்டு நிமிஷம். என் சர்வீஸ்லயே நீளமான ரெண்டு நிமிஷம் அதுதான்.

பையன் பண்ணல. "பெரியவங்க சொல்லும்போது எப்படி மறுக்கறதுன்னு தெரியாம, பாஸ்வேர்டு மறந்துட்ட மாதிரி நடிச்சேண்ணா" அப்படின்னான். அவனுக்குக் கோயில் கட்டலாம்.

மத்தது டெக்னிக்கல் சமாச்சாரம். விஎம்முக்குள்ள டேட்டாபேஸை ஒழுங்கா நிறுத்தச் சொன்னேன். எழுதாம பாக்கி இருக்கறதை எல்லாம் டிஸ்க்குக்குத் தள்ளியாச்சு. அப்புறம் விஎம்மை அணைக்காம உறைய வெச்சோம், விர்ஷ் சஸ்பெண்ட். ப்ராக் டைரக்டரியில அந்த க்யூஎமு நிரல் திறந்து வெச்சிருக்கற ஃபைல்களோட இணைப்பு இருக்கும், அழிஞ்சுபோன ஃபைல் பக்கத்துல 'டெலீட்டட்'னு போட்டிருக்கும். அந்த இணைப்பு வழியா உள்ளதை அப்படியே இன்னொரு ஃபைலுக்கு நகல். ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் கல்லு மேல நின்னு ஒவ்வொரு கட்டளையா எழுத்துக்கூட்டிச் சொல்ல, அவன் அங்க அடிச்சான். நண்பன் குடை பிடிச்சான். கொசு கடிச்சது.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா "தலைவா கலக்கிட்டீங்க"ன்னு நாலு பின்னூட்டத்தை வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். ஆனா அந்த டிஸ்க் ஏன் அனாதையாச்சு? பழைய விஎம்ல இருந்து கழட்டிப் புது விஎம்ல மாட்டியிருக்காங்க, பதினோரு நாளைக்கு முன்னாடி. கழட்டின செய்தி எங்க கேஷுக்கு வந்துது. மாட்டின செய்தி வரல, நடுவுல செய்திக்குழாய் அறுந்து மறுபடி ஒட்டின சில நொடிக்குள்ள அது தொலைஞ்சுபோச்சு. நான் எழுதின நிரல் செய்தி வந்தா மட்டும் பிரதியை மாத்தும். வராத செய்தியைத் தேடிப் போகாது. பேக்கப் எடுக்கற நிரலும் அதே பிரதியைப் பாத்துத்தான் எந்த டிஸ்க்கை எடுக்கணும்னு முடிவு பண்ணுது. இணையாத டிஸ்க்கை எதுக்கு எடுக்கணும்னு விட்டுடுச்சு. ஆக, கைவசம் இருந்த கடைசி பேக்கப்பும் பதினோரு நாள் பழசு. கூடம் மூடியிருக்கற நேரம் பாத்து யாராவது ரீபூட் பண்ணியிருந்தா பதினோரு நாள் நோயாளிகளோட ரிப்போர்ட் காத்தோட போச்சு.

கீழ இறங்கி வந்து சாப்பிட உக்காந்தோம். சாமைச் சோறு, கீரைக் குழம்பு. நண்பனோட அப்பா "என்ன கண்ணு, மழையில நனைஞ்சு அப்படி என்ன வேலை?"ன்னு கேட்டார். சொல்லிப் புரிய வைக்கத் தெரியல. "ஒரு பழைய கணக்கை நம்பித் தப்பா ஒண்ணை அழிச்சுட்டோம்ப்பா"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்குள்ள அவருக்கு போன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், அன்னாசி விலை சொல்றார் போல. இவர் விலையைக் காதுல வாங்கறதுக்கு முன்னாடி கேட்டது, "எப்பக் கேட்ட விலை? காலையிலயா, இப்பவா?" சோளக்காடு சந்தைக்கு அவர் சுமை எடுத்துட்டுப் போறதா வேண்டாமாங்கறது அதுலதான் இருக்கு.

எங்க திரையில அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மூலையிலயும் கிடையாது. 'இணைக்கப்படாதது'ன்னு கொட்டை எழுத்துல இருக்கு. எப்ப விசாரிச்ச சேதி அது? பதினோரு நாள் முந்தியது. அஞ்சு நொடி முந்தின சேதியும் அதே எழுத்து, அதே சிவப்புலதான் வருது. பையன் எதை வெச்சு சந்தேகப்படுவான்?

இப்ப சண்டைக்கு வரேன்.

கேஷ் ஊசிப்போறது குத்தமே இல்ல, அது இயற்கை. இந்தத் துறையில எல்லாரும் பட்டிருக்காங்க. லிப்விர்ட் கதையை எடுத்துக்கங்க. 2018 ஜனவரியில ஸ்பெக்டர், மெல்ட்டவுன் ஓட்டைகள் வெளிய வந்தப்போ, மைக்ரோகோடு அப்டேட் வழியா சிப்புக்குப் புது வசதிகள் வந்தது. அதை விஎம்முக்கும் காட்டினாத்தான் உள்ள ஓடற இயங்குதளம் தன்னைக் காப்பாத்திக்க முடியும். லிப்விர்ட் என்ன பண்ணும்னா, இந்த மெஷின்ல க்யூஎமுவால என்னெல்லாம் முடியும்னு ஒருதடவை கேட்டு கேஷ்ல எழுதி வெச்சுக்கும். லிப்விர்ட் மாறினாலோ க்யூஎமு ஃபைல் மாறினாலோ மறுபடி கேக்கும். இங்க அது ரெண்டும் மாறல, மாறினது சிப்புக்குள்ள. அதனால புது வசதி வந்த பிறகும் பழைய பட்டியலையே நம்பிக்கிட்டிருந்தது. பூட்டு வாங்கி வாசல்ல வெச்சாச்சு, வீட்டுக்காரர் 'நம்ம வீட்ல பூட்டே கிடையாதே'ங்கறார். அப்புறம் மைக்ரோகோடு பதிப்பு எண்ணையும் கேஷோட சேர்த்து எழுதி, அது மாறியிருந்தா பட்டியலைத் தூக்கிப் போடற மாதிரி திருத்தினாங்க. எனக்கு இந்தத் திருத்தம் ரொம்பப் பிடிக்கும். கேஷைத் துடைக்க ஒரு பட்டன் கொடுத்துட்டுப் போகாம, 'நாம எதை நம்பி இதை எழுதினோம்'னு யோசிச்சு அதையும் பக்கத்துல எழுதி வெச்சாங்க.

ஓப்பன்ஸ்டாக்ல நடந்தது இதைவிடச் சுவாரசியம். அதுல நோவாங்கற பகுதி ஒவ்வொரு விஎம்மோட நெட்வொர்க் விவரத்தையும் ஒரு கேஷ்ல வெச்சுக்கும். அது கெட்டுப்போனா சரிபண்ண அப்ப ஒரு வைத்தியரும் இருந்தார், வழக்கமா அறுபது நொடிக்கு ஒருதடவை ரவுண்ட்ஸ் வந்துக்கிட்டிருந்தார். வைத்தியர் எந்தெந்தப் போர்ட்டைச் சோதிக்கணும்னு எங்க பாத்தார் தெரியுமா? அதே கேஷ்ல! கேஷ்ல இருந்து ஒரு போர்ட் தொலைஞ்சுபோயிருந்தா வைத்தியருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது. விஎம்மை ரீபூட் பண்ணினா நெட்வொர்க் கார்டே இல்லாம எழுந்திருக்கும். 2019-ல வந்த ஸ்டெயின் பதிப்புலதான், நெட்வொர்க்கை நிஜமா வெச்சிருக்கற நியூட்ரான்கிட்டயே நேராப் போய்க் கேக்கற மாதிரி மாத்தினாங்க. நம்ம ஆபீஸ்ல 'செல்ஃப் ஹீலிங்'னு ஸ்லைடு போடறவங்க எல்லாரும் ஒருதடவை இந்தக் கதையைப் படிக்கணும். என்னையும் சேர்த்து.

அதனால ஊசிப்போகும், ஒத்துக்கறேன். ஊசிப்போனதை இலையில பரிமாறும்போது தேதி சொல்லாம பரிமாறறதுதான் தப்பு. ப்ராக்ஸ்மாக்ஸ் உபயோகிக்கறவங்களுக்குத் தெரியும், நிலவரம் சேகரிக்கற சேவை மாட்டிக்கிட்டா எல்லா விஎம் பக்கத்துலயும் சாம்பல் கலர்ல ஒரு கேள்விக்குறி வந்துடும். எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குறி மேல எரிச்சல், எப்படி அதைப் போக வைக்கறதுன்னுதான் கேப்பாங்க. நானும் திட்டியிருக்கேன். இப்ப யோசிச்சா அதுதான் அந்தத் திரையிலேயே யோக்கியமான படம். 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லுது. விசென்டரும் ஹோஸ்ட் பதில் சொல்லலைன்னா 'பதிலில்லை'ன்னு பக்கத்துலயே எழுதிடும். எங்க மென்பொருளுக்கு அந்தப் பணிவு கிடையாது. எப்பவும் பச்சை, இல்லைன்னா சிவப்பு.

இது ஒண்ணும் புது யோசனையும் இல்ல. 1997-ல வந்த ஹெச்டிடிபி 1.1 வரையறையிலேயே 'ஏஜ்'னு ஒரு தலைப்பு இருக்கு. நடுவுல இருக்கற கேஷ், தான் கொடுக்கற பக்கத்துக்கு எத்தனை நொடி வயசுன்னு சொல்லியாகணும். 'இது ஊசிப்போனது'ன்னு எச்சரிக்கறதுக்குன்னு தனியா ஒரு தலைப்பும் வெச்சிருந்தாங்க. யாரும் பெருசா அனுப்பறதில்லைன்னு 2022-ல அதைக் கைவிட்டுட்டாங்க. நம்ம இனத்தோட லட்சணம் அதுலயே தெரிஞ்சுபோச்சு.

அடுத்தது ரெஃப்ரெஷ் பட்டன். "அழிக்கறதுக்கு முன்னாடி ரெஃப்ரெஷ் பண்ணியிருக்கணும்"னு அந்தப் பையன்கிட்ட மூணு பேர் சொன்னாங்க. திரையை எப்ப நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்த பட்டன் உபயோகம். அது தெரிஞ்சவனுக்குத் திரையே தேவையில்ல. பாக்கறதுக்குப் பிரதி போதும், அழிக்கறதுக்குப் பிரதி போதாது. அழிக்கற நொடியில மென்பொருளே ஹைப்பர்வைசர்கிட்ட நேராப் போய், 'இந்த டிஸ்க்கை இப்ப யாராவது திறந்து வெச்சிருக்காங்களா'ன்னு கேக்கணும். பதில் வரலைன்னா அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கேள்விதான், அரை நொடி ஆகும். வருஷத்துக்கு எத்தனை தடவை டிஸ்க் அழிக்கறோம்? அந்த அரை நொடியை மிச்சம்பிடிச்சு என்ன மாளிகை கட்டப்போறோம்?

ரீஸ்டார்ட் பண்ற வியாதியையும் சொல்லணும். எந்தக் கேஷ் பிரச்சினைக்கும் நம்ம முதல் மாத்திரை அதுதான். முக்காவாசி வேலையும் செஞ்சுடும், அதனாலதான் ஆபத்து. என்ன தொலைஞ்சுது, எப்பத் தொலைஞ்சுதுங்கற தடயம் அதோட போயிடும். அடுத்த மாசம் அதே செய்தி வேற இடத்துல தொலையும், மறுபடி ஒரு மாத்திரை. எங்க கதையில மாத்திரை நோயாளியையே அனுப்பியிருக்கும்.

மலையில இருந்து இறங்கி திங்கக்கிழமை ஆபீஸ் போனா, சம்பவ அறிக்கை தயாரா இருக்கு. காரணம்: 'மனிதத் தவறு'. நடவடிக்கை: 'பணியாளருக்கு மறுபயிற்சி'. மறுபயிற்சின்னா என்ன சொல்லிக் கொடுப்பீங்க, திரையை நம்பாதேன்னா? காரணத்தை அடிச்சுட்டு, என் நிரலோட பேரையும் அதுக்குக் கீழ என் பேரையும் எழுதினேன். டேமேஜர் கூப்பிட்டு "ஏன்ப்பா நீயா போய் மாட்டிக்கற?"ன்னு அக்கறையாத்தான் கேட்டார். கடைசியா வெளிய போன அறிக்கையில 'செயல்முறை இடைவெளி'ன்னு இருந்தது. யார் பேரும் இல்ல. ஆனா அந்த வருஷ அப்ரைசல்ல பையனுக்கு ஒரு படி குறைச்சல். எனக்கு ஒண்ணும் ஆகல, டேட்டாவை மீட்டதுக்கு ஒரு பாராட்டு மெயில் வேற வந்தது. அந்த மெயிலை அவனுக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சு, கடைசியில அனுப்பல. அனுப்பியிருந்தா அவனை இன்னும் கேவலப்படுத்தின மாதிரி இருந்திருக்கும்.

அழிக்கறதுக்கு முன்னாடி நேராப் போய்க் கேக்கற திருத்தத்தை நானே எழுதிப் போட்டேன். பேக்கப் நிரல் இப்ப பிரதியைப் பாக்கறதில்ல, ஒவ்வொரு சர்வர்கிட்டயும் நேரா பட்டியல் வாங்குது. செய்தி வரலைன்னாலும் மணிக்கு ஒருதடவை டிஸ்க் நிலவரத்தை நிஜத்தோட ஒப்பிட்டுப் பாக்கறோம். ஒத்துப்போகலைன்னா அதைப் பதிவும் பண்றோம். முதல் வாரத்துல எத்தனை ஒத்துப்போகலைன்னு இங்க எழுத மாட்டேன், சோறு போடற இடம்.

அப்புறம் ஒவ்வொரு வரிசையிலயும் 'கடைசியா விசாரித்தது'ன்னு ஒரு நெடுவரிசை சேர்த்தேன். '4 நொடி முன்', '3 நிமிடம் முன்'. பத்து நிமிஷத்துக்கு மேல போனா எழுத்து சாம்பல் ஆகி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி. ஆமாங்க, ப்ராக்ஸ்மாக்ஸ்ல இருந்து சுட்டதுதான்.

இப்ப அதுக்கு ஆபத்து வந்திருக்கு. வாடிக்கையாளர்களுக்கு டெமோ காட்டும்போது கேள்விக்குறி தெரிஞ்சா மென்பொருள் மேல நம்பிக்கை போகுதாம். விற்பனைக்காரங்க எடுத்துடச் சொல்றாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங். என் பக்கம் பேச நானும் அந்தப் பையனும்தான். அவன் இப்ப எங்க டீம்லயே டெவலப்பர். அந்தக் கேள்விக்குறியை யார் எடுக்கச் சொன்னாலும் பாஸ்வேர்டு மறந்துடுமாம் அவனுக்கு.

டிஸ்கி: கொல்லிமலை போறவங்க மறக்காம அன்னாசி வாங்குங்க. விலை கேட்டு எனக்கு மெயில் போடாதீங்க, எனக்குத் தெரிஞ்சது 2024 விலை.